"கல்லுதான்க்கா" என்று வாங்கிய எட்டுக் கை விஷ்ணு

பினாங்கு லிட்டில் இந்தியாவில் சாமி சிலை, பித்தளைச் சாமான் விற்கும் கடை ஒன்று. போன மாதம் குத்துவிளக்குத் திரி வாங்கப் போனபோது மேல் தட்டில் இவர் நின்றார். ஒன்றரை அடி உயரம், எட்டுக் கை, நகையே இல்லாத வெற்று மார்பு, உருளை மாதிரி கிரீடம். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கம்போடியத் தலைநகர் நோம் பென் அருங்காட்சியகத்தில் நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்த, நோம் டா என்ற குன்றில் கிடைத்த விஷ்ணு! கம்போடியாவில் 6, 7ஆம் நூற்றாண்டுக் காலத்தில் மணற்கல்லில் செய்தது. அந்த அசல் சிலை, ஆள் உயரத்தைவிடப் பெரியது.

"தம்பி, இது கல்லா?"

"கல்லுதான்க்கா. 320 வெள்ளி (ரிங்கிட்), உங்களுக்கு 300."

சொல்லிக்கொண்டே ஒரு கையால் எடுத்துக் கொடுத்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டில் வந்து அடியில் ஒட்டியிருந்த பச்சைத் துணியைப் பிரித்தால், உள்ளே வெள்ளை வெளேர் என்று ரெசின், அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக் மாதிரிப் பொருள். சரி, போகட்டும். எனக்கு ஆறாதது சிலையைச் சுற்றி நிற்கும் வளைவுதான்.

நம் ஊர்க் கோயில் சுவர் மாடத்துச் சிலைகளுக்குப் பின்னால் கல் ஒட்டியே இருக்கும்; கைக்கு அது பலம். நோம் டா விஷ்ணுவையோ சுற்றிலும் செதுக்கித் தனியாக நிறுத்தியிருக்கிறார்கள். எட்டுக் கையும் அந்தரத்தில் நின்றால் முறியாதா? அதனால் அதே கல்லில் லாடம் போல ஒரு வளைவை விட்டுவைத்து, மேல் கைகளை அதோடு சேர்த்துவிட்டார் சிற்பி. அலங்காரம் இல்லை, முட்டு. நகலெடுத்தவர் அதைத் திருவாசி என்று நினைத்து ஓரமெல்லாம் தீச்சுடர் வைத்திருக்கிறார்! கைகளோ அதைத் தொடவே இல்லை. ரெசினுக்கு எதற்கு முட்டு என்று விட்டிருப்பார்.

முதுகுப் பக்கம் இன்னும் மோசம். மழமழவென்று ஒரு பலகை, நடுவில் அச்சு சேர்ந்த கோடு.

முகத்தைக் குறை சொல்ல மாட்டேன். உதட்டோரச் சிரிப்பு, பாதி மூடிய கண், இரண்டும் நன்றாக வந்திருக்கின்றன.

திருப்பிக் கொடுக்கப் போனேன். "பணம் தர்றதில்லக்கா, வேற சாமி எடுத்துக்குங்க" என்றார்கள். சாமியை மாற்ற மனசு வரவில்லை. இப்போது டிவி பக்கத்தில், சுவரை ஒட்டி நிற்கிறார். பூஜையறையில் வைக்க என் மாமியார் சம்மதிக்கவில்லை.

100 வெள்ளி என்றால் வாங்கலாம். பச்சைத் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.