உயிலா, செட்டில்மென்ட்டா? எங்கள் வீட்டுக்கு எடுத்த முடிவு

சென்ற தை மாதம் எங்கள் வீட்டுக்கு உயில் எழுதி ரெஜிஸ்டர் செய்துவிட்டேன். அதற்கு முந்தைய ஆறு மாதமும் வீட்டில் இதே பேச்சுதான். செட்டில்மென்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தம்பி சொன்னான். மனைவிக்கு அதில் மனம் ஒப்பவில்லை. இரண்டையும் விசாரித்த பிறகு நானும் அவள் பக்கம்தான்.

எதுவும் எழுதாமல் விடுவதும் ஒரு வழிதான். ஆனால் 1956-ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் நான் போனால் மனைவி, மகன், மகளோடு என் அம்மாவுக்கும் சம பங்கு போகும். அம்மாவுக்குப் பிறகு அந்தக் கால் பங்கில் என் தம்பி தங்கைகளுக்கும் உரிமை வந்துவிடும். பிறகு வீட்டை விற்பதென்றால் என் மனைவி எத்தனை பேரிடம் கையெழுத்துக்கு நிற்க வேண்டும்? அதனால் அந்த வழியை விட்டுவிட்டோம்.

செலவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் தமிழ்நாட்டில் 2023 ஜூலை முதல் முத்திரைத்தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. உயிலுக்கு முத்திரைத்தீர்வையே இல்லை, வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். ஆனால் பணத்தை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள்.

முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: உயிரோடு இருக்கும்வரை வீடு யார் கையில் இருக்க வேண்டும்?

என் அத்தை 2014-இல் வீட்டை மகன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதினார். நான்கு வருஷம் கழித்து மாமாவுக்கு பைபாஸ் செய்ய வேண்டி வந்தது. வீட்டை அடமானம் வைக்கலாம் என்று வில்லங்கம் போட்டுப் பார்த்தால், மகன் தன் தொழில் கடனுக்கு ஏற்கெனவே அதை வைத்திருந்தான். அவன் கெட்டவனில்லை. வீடு அவனுடையது, அவசரத்துக்கு வைத்தான், அவ்வளவுதான். அத்தை நகைகளைக் கழற்றிக் கொடுத்துத்தான் ஆபரேஷன் நடந்தது. அந்த வெறும் கழுத்து இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

செட்டில்மென்ட் பதிவான அன்றே சொத்து கைமாறிவிடும். மனம் மாறினாலும் நாமாக ரத்து செய்ய முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ஆம் வருஷச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு ஒரு பாதுகாப்பு தருகிறது. கவனித்துக்கொள்வதாக நிபந்தனை போட்டு எழுதிக் கொடுத்து, பிள்ளை கவனிக்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மனுப் போட்டு ரத்து கேட்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் எழுபது வயதில் பெற்ற பிள்ளை மேல் மனுக் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? ஆயுள்கால அனுபவ உரிமையை வைத்துக்கொண்டு எழுதலாமே என்பார்கள். அதில் கடைசிவரை குடியிருக்கலாம், வாடகையும் வாங்கலாம். அவசரத்துக்கு முழு வீட்டையும் விற்க முடியாது.

உயில் அப்படியில்லை. நான் இருக்கும்வரை வீடு என்னுடையது. விற்கலாம், அடமானம் வைக்கலாம், உயிலையே மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். ரெஜிஸ்டர் செய்வது கட்டாயமில்லை, நான் செய்தேன். அது வில்லங்கச் சான்றில் வராது, நான் உயிரோடிருக்கும்வரை பிறர் நகல் வாங்கவும் முடியாது.

உயிலின் பலவீனம் சாட்சிகளிடம் இருக்கிறது. இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் வழக்கு வந்தால் அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். பத்திர எழுத்தர் என் வயதுக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார். நான் மறுத்து, பக்கத்து வீட்டுப் பையனையும் எங்கள் குடும்ப டாக்டரையும் அழைத்துப் போனேன். பையனுக்கு 32 வயது. டாக்டர் இருந்தால் நான் தெளிவான புத்தியோடு எழுதினேன் என்பதற்கும் அவரே சாட்சி.

வாசகத்திலும் கவனம் வேண்டும். ‘மனைவி ஆயுள்வரை அனுபவித்து, பிறகு பிள்ளைகளுக்கு’ என்றுதான் எழுத்தர் முதலில் அடித்திருந்தார். அதை மாற்றச் சொல்லி, மனைவிக்கே ‘விற்க, அடமானம் வைக்க சர்வ சுதந்திர பாத்தியதையுடன்’ என்று போட வைத்தேன். எனக்கு முன்பே அவள் போய்விட்டால் பிள்ளைகள் இருவருக்கும் சரிபாதி என்று ஒரு வரியும் சேர்த்தோம்.

செட்டில்மென்ட் சிலருக்குப் பொருந்தும். பிள்ளைகளுக்குள் ஏற்கெனவே பகை இருந்து, வேறு சொத்தோ பென்ஷனோ கைவசம் இருந்தால் இருக்கும்போதே பிரித்துக் கொடுப்பது நல்லது. உயிலை வைத்து பட்டா மாற்றிய அனுபவம் எங்கள் வீட்டில் இன்னும் இல்லை, அது எத்தனை நாள் இழுக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. எங்கள் வீடு கும்பகோணத்தில். சென்னையில் சொத்துள்ளவர்கள் புரோபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட்டில் வாங்கும் சான்று) பற்றி வக்கீலிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உயில் இப்போது பீரோவில், ரேஷன் கார்டோடு இருக்கிறது. அப்புறம், மனைவி பெயரில் ஒரு மனை உண்டு. அதற்கும் உயில் எழுத வேண்டும். மகள் ஊருக்கு வரும் ஆனியில் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம்.