பால்பல் சூத்தைக்கு எந்த அடைப்பு: வெள்ளியா, வெள்ளையா, சிமெந்தா, ஸ்ரீல் மூடியா?

பிள்ளையின் பல்லை அடைக்க வேண்டும் என்றதும் பெற்றோர் கேட்பது "எது நல்ல சாமான் மிஸ்?" என்றுதான். எந்தப் பல், அது விழ இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது, பிள்ளை எவ்வளவு நேரம் வாயைத் திறந்துகொண்டு இருக்கும் என்பதெல்லாம் தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல ஏலாது. மேல் முன்பல் ஆறேழு வயதில் விழுந்துவிடும். பின் கொடுப்புப் பல்லோ பத்து, பன்னிரண்டு வயது வரை நின்று சோற்றை அரைக்க வேண்டிய பல். மூன்று வயதில் இரண்டிலும் சூத்தை விழுந்தால் இரண்டுக்கும் ஒரே வைத்தியம் சரிவராது.

"விழப்போற பல்லுத்தானே மிஸ், கழட்டி விடுங்கோ" என்று தம்பலகாமத்திலிருந்து பேரனைக் கூட்டி வருகிற அம்மம்மா சொல்லுவா. அவவுக்கு நான் காட்டுவது பேரனின் ஆறு வயதுப் பல்லை. எந்தப் பால்பல்லும் விழாமல், எல்லாவற்றுக்கும் பின்னால் முளைக்கிற நிரந்தரப் பல் அது. அதற்கு முன்னால் நிற்கும் பால்பல்லை விழும் காலத்துக்கு முன்னமே கழற்றினால், இந்த ஆறு வயதுப் பல் முன்னுக்குச் சாய்ந்து வந்து, கீழே காத்திருக்கிற பல்லின் இடத்தைப் பிடித்துவிடும். பிறகு பல் நெருக்கமாக, கோணலாக முளைக்கும். ஆகவே அடைப்பதா கழற்றுவதா என்று கேட்டால், நரம்பு கெடாத பல் என்றால் காப்பாற்றத்தான் வேண்டும்.

வெள்ளி அடைப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அமல்கம் என்ற அந்தக் கலவையில் நிறைப்படி ஏறக்குறைய அரைவாசி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. உறுதியானது, கொஞ்சம் எச்சில் பட்டாலும் தாங்கும். ஆனால் பல்லோடு தானாக ஒட்டாது. அது பிடித்து நிற்க நல்ல பல்லையும் சேர்த்து வெட்ட வேண்டும். பால்பல்லின் மிளிரி (வெளியே உள்ள கடினமான எனாமல் படை) நிரந்தரப் பல்லின் மிளிரியில் கிட்டத்தட்ட அரைவாசித் தடிப்புத்தான், உள்ளே நரம்புக் குழி பெரியது, வெட்டுவதற்கு அங்கே இடமே இல்லை. பாதரசப் பாவனையைக் குறைப்பதற்கான, இலங்கையும் சேர்ந்திருக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. வைத்தியர் அவசியம் என்று கருதினாலன்றிப் பால்பற்களுக்கும் 15 வயதுக்குட்பட்டோருக்கும் அமல்கம் வேண்டாம் என்று 2022இல் அதில் திருத்தம் சேர்த்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஜூலையிலேயே இந்த விதியைக் கொண்டுவந்துவிட்டது. பிள்ளையின் வாயில் ஏற்கெனவே நல்ல நிலையில் ஒரு வெள்ளி அடைப்பு இருந்தால் பயந்துபோய்க் கழற்றச் சொல்லாதீர்கள். கழற்றும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாக வெளியே வரும்.

சிமெந்து என்று நாங்கள் சொல்வது கிளாஸ் அயனோமர். 1970களின் தொடக்கத்தில் இலண்டனில் வில்சன், கென்ட் என்ற இருவர் உருவாக்கியது. ஒரு கரண்டி பவுடர், ஒரு துளி திரவம். தாளின் மேல் வைத்து அரை நிமிடத்துக்குள் குழைத்து, மேற்பரப்பு ஈரமாய் மினுங்கும்போதே குழிக்குள் வைத்துவிட வேண்டும். மினுக்கம் போய்விட்டால் பல்லோடு ஒட்டாது. எறிந்துவிட்டுப் புதிதாகக் குழைப்பதுதான் சரி. வைத்ததும் வஸ்லின் பூசிய விரலால் மேலிருந்து அழுத்திப் பிடித்தால் பக்கத்துச் சிறு வெடிப்புகளுக்குள்ளும் இறங்கும். பல்லோடு இரசாயன முறையில் பிணைந்து நிற்பதும், புளோரைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவதும் இதன் பெரிய நன்மைகள். மென்மையாகிவிட்ட சூத்தையைக் கைக்கருவியால் சுரண்டி எடுத்துவிட்டு இதை வைக்கும் முறை 1980களில் தன்சானியாவில் வளர்ந்தது. ட்ரில் வேண்டாம், பெரும்பாலும் ஊசியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களில் அதன் அருமை எங்களுக்கு நன்றாகவே விளங்கியது.

ஆனால் சிமெந்தை எல்லா இடத்திலும் நம்ப ஏலாது. பல்லின் மேற்பரப்பில் மட்டும் உள்ள ஒற்றைக் குழிக்கு இது அருமையான சாமான். இரண்டு கொடுப்புப் பற்கள் ஒன்றோடொன்று முட்டும் பக்கத்தில் சூத்தை என்றால், கடிக்கிற பாரத்தில் ஓரம் உடைந்து விழுந்துவிடும். அம்மாமார் ஆறு மாதத்தில் திரும்பி வந்து "அடைச்சது கழண்டு போச்சு" என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த வகைதான். அவர்களுடைய கோபம் நியாயமானது. அந்த இடத்துக்கு அந்தச் சாமான் போதாது என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். பிசின் சேர்த்து, நீல வெளிச்சத்தில் இறுகும் சிமெந்தும் இருக்கிறது. சின்னப் பக்கச் சூத்தைக்கு அது பரவாயில்லை. கிடைத்தால் சாதாரண சிமெந்தைவிட அதையே கேளுங்கள்.

இனி எல்லாரும் ஆசைப்படும் வெள்ளை அடைப்பு, கொம்பொசிற். ரவுணில் தனியார் கிளினிக்குகளுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். பல்லின் நிறத்திலேயே இருக்கும், சிமெந்தைவிட உறுதி. ஆனால் வைக்கும் வேலை நீண்டது: முதலில் அமிலம் பூசி, கழுவி, காயவைத்து, பசை தடவி வெளிச்சம் காட்ட வேண்டும். அதன்பின் இரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் ஒவ்வொரு படையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் காட்ட வேண்டும். இவ்வளவு நேரமும் பல்லில் எச்சில் படவே கூடாது. நான்கு வயதுப் பிள்ளை நாக்கை ஒரு நிமிடம் சும்மா வைத்திருக்குமா? ஈரம் பட்ட கொம்பொசிற் அன்றைக்கு அழகாகத்தான் தெரியும். சில மாதத்தில் ஓரம் விட்டு, அடியில் சூத்தை திரும்பத் தொடங்கிவிடும். ஏழெட்டு வயதுப் பொறுமையான பிள்ளைக்கும், முன்பல்லுக்கும் இதைத் தாராளமாக வைக்கலாம். அழுது முறுகும் மழலைக்கு, விலை கூடினது என்பதற்காகவே நல்லது என்று நினைத்து இதைக் கேட்கக் கூடாது.

அப்படியான மழலைக்கு வேறொரு வழி இருக்கிறது: வெட்டாமல், அடைக்காமல், சூத்தையை அந்த இடத்திலேயே நிறுத்தும் மருந்து. 38 சதவீத சில்வர் டயமின் புளோரைட். ஒரு துளியைச் சின்னத் தூரிகையால் சூத்தையில் பூசுகிறோம், சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வருடத்துக்கு இரண்டு தடவை பூசினால் பெரும்பாலான சூத்தை இறுகி நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதையும் கிளாஸ் அயனோமரையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. குறை ஒன்றுதான்: சூத்தை பட்ட இடம் கரிக்கறுப்பாகிவிடும், திரும்ப வெளுக்காது. முன்பல் என்றால் சிரிக்கும்போது தெரியும் என்பதைப் பூச முன்னமே பெற்றோருக்குச் சொல்லி, அவர்கள் சம்மதித்த பிறகே பூச வேண்டும். வெள்ளிக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும், முரசில் புண் இருக்கும்போதும் பூசுவதில்லை.

கடைசியாக, என் பிள்ளைக்கு என்றால் நான் தேர்வேன் என்று தயங்காமல் சொல்லக்கூடியது ஸ்ரீல் மூடி, அதாவது பல்லை முழுதாக மூடிவிடும் உலோகத் தொப்பி. கொடுப்புப் பல்லில் இரண்டு மூன்று பக்கம் சூத்தை என்றால் இதற்கு ஈடாக வேறொன்று இல்லை. ஸ்கொட்லாந்தில் நோர்னா ஹோல் என்ற பல் வைத்தியர் சூத்தையை எடுக்காமலே, ஊசியும் ட்ரில்லும் இல்லாமல் மூடியைப் போட்டுவந்தார். அந்த முறைக்கு அவருடைய பெயரே நின்றுவிட்டது. சூத்தைக்குள் இருக்கும் கிருமிக்குச் சீனி போகும் வழியை அடைத்துவிட்டால் அது மேற்கொண்டு பரவாது என்பதுதான் அதன் அடிப்படை. பல்லிடுக்கு நெருக்கமாக இருந்தால் சில நாள் முன்னதாகச் சின்ன இறப்பர் வளையம் வைத்து இடம் எடுக்க வேண்டும். மூதூர், சம்பூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இது இன்னொரு பயணம், அதை ஒத்துக்கொள்கிறேன். அளவான மூடியைத் தெரிந்து, உள்ளே சிமெந்து நிரப்பி, பல்லில் வைத்து அழுத்தி, பிள்ளையைப் பஞ்சுச் சுருளைக் கடிக்கச் சொல்லுவோம். சுற்றியுள்ள முரசு கொஞ்ச நேரம் வெளுத்துத் தெரியும், பிறகு பழைய நிறத்துக்கு வந்துவிடும். கடி உயர்ந்தது போலப் பிள்ளை சொல்லும். சில வாரத்தில் தானாகச் சரியாகும். பிறகு அந்த மூடி பல்லோடு சேர்ந்தே விழும்.

பெற்றோர் மறுப்பது நிறத்துக்காக. "பள்ளிக்கூடத்தில கேலி பண்ணுவாங்கள்" என்று தாய் சொல்லும்போது பிள்ளையோ கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும். பின் கொடுப்பில் இருப்பதை யாரும் லேசில் காண மாட்டார்கள். எல்லாப் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்திலும் மூடி கையிருப்பில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இல்லை என்றால் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இத்தனையும் நரம்பு உயிரோடிருக்கும் பல்லுக்குத்தான். பிள்ளை இரவில் நோவில் எழும்பி அழுதால், முரசில் சீழ்க்கட்டி தெரிந்தால், முகம் வீங்கினால் எந்த அடைப்பும் சரிவராது, நரம்பு வைத்தியமோ கழற்றுவதோதான் வழி. வீக்கத்தோடு காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடைத்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். இடையில் சிமெந்தின் ஓரம் உடைந்ததாக நாக்கில் தட்டுப்பட்டாலோ, சோறு அந்த இடத்தில் சிக்கினாலோ நோவு வரும் வரை பார்த்திராமல் அந்தக் கிழமையே வாருங்கள். அந்த நிலையில் மூடி போட்டுப் பல்லைக் காப்பாற்ற இன்னும் வாய்ப்பிருக்கும்.