இராமநாதபுரம் கடற்கரையில் இனாசேஃப்: வெள்ளச் சேதத்தைக் கணக்கிடும் மென்பொருள் பற்றிய மதிப்புரை

ஒரு கடலோர ஊருக்குள் வெள்ளமோ புயல் அலையோ புகுந்தால் எத்தனை வீடுகளில் தண்ணீர் ஏறும், எத்தனை பேரை முகாமுக்கு அழைத்துச் செல்ல வேண்டும், அவர்களுக்கு ஒரு வாரத்துக்கு எவ்வளவு அரிசி தேவைப்படும் என்பவற்றை முன்கூட்டியே கணக்கிட்டுத் தருவது இனாசேஃப். கியூஜிஐஎஸ் என்னும் இலவச வரைபட மென்பொருளுக்குள் செருகுநிரலாக, அதாவது அதனோடு சேர்க்கும் துணை நிரலாக, இயங்கும் இதனை, இந்தோனேசியாவின் தேசியப் பேரிடர் மேலாண்மை முகமை, ஆஸ்திரேலிய அரசு, உலக வங்கி ஆகியவை சேர்ந்து உருவாக்கி 2012இல் வெளியிட்டன. மனிதர்களை எண்ணுவதற்கும் முகாமைத் திட்டமிடுவதற்கும் இது நல்ல கருவி என்பதும், இழப்பை ரூபாயில் சொல்வதற்கு இதனை நம்பக் கூடாது என்பதும் என் முடிவு. காரணங்களைப் பாம்பன் தீவையும் அதனை ஒட்டிய மண்டபம், தேவிபட்டினம் கரைகளையும் வைத்து விளக்குகிறேன்.

இவ்வகை மென்பொருள்களில் மூத்தது அமெரிக்காவின் ஹாசஸ். அந்நாட்டின் கூட்டாட்சி அவசரநிலை மேலாண்மை முகமை 1997இல் நிலநடுக்கத்துக்காக வெளியிட்டது, பின்னர் வெள்ளம், சூறாவளி, ஆழிப்பேரலை என்று விரிந்தது. வீட்டுக்குள் எத்தனை அடி தண்ணீர் நின்றால் அவ்வீட்டின் மதிப்பில் எத்தனை விழுக்காடு அழியும் என்பதை அது ஆழம்–சேத வளைகோடுகளைக் கொண்டு பணமாகவே மதிப்பிடுகிறது. ஆனால் அதனுடன் வரும் கட்டட விவரமும் மக்கள்தொகையும் அமெரிக்காவுக்கு உரியவை. வீட்டில் நிலவறை உண்டா என்று கேட்கும் வளைகோட்டில் தனுஷ்கோடிப் பாதையோர ஓலைக்குடிசைக்கு இடமில்லை. மேலும் அது ஆர்க்ஜிஐஎஸ் என்னும் கட்டண மென்பொருளின் மேல் இயங்குவது. ஊராட்சியோ மீனவர் சங்கமோ கல்லூரித் துறையோ கைக்காசு செலவின்றித் தொடங்க வேண்டுமானால் கியூஜிஐஎஸ்–இனாசேஃப் இணைதான் பொருத்தம்.

பயன்படுத்தும் முறை எளிது. தண்ணீர் எங்கே, எவ்வளவு ஆழம் நிற்கும் என்பதைக் காட்டும் இடர் அடுக்கு (அடுக்கு என்பது வரைபடத்தின் மேல் வைக்கும் ஒருவகைத் தகவல்), அங்கே இருக்கும் வீடு, சாலை, மக்கள் ஆகியோரைக் காட்டும் அடுக்கு, விரும்பினால் ஊராட்சி அல்லது வார்டு எல்லைகள் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டால் மென்பொருள் ஒன்றன்மேல் ஒன்றை வைத்து எண்ணி அறிக்கை தருகிறது. ஒவ்வோர் அடுக்கும் எதைக் குறிக்கிறது என்பதை அதுவே கேள்வி கேட்டுப் பதிந்துகொள்வதால், வரைபடத் தொழில்நுட்பம் படிக்காதவர்களும் கற்றுக்கொள்ளலாம். தன்னார்வலர்கள் வரையும் இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து கட்டடங்களையும் சாலைகளையும் இறக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்: வெள்ளம் எங்கே வரும் என்பதை இனாசேஃப் கணிப்பதில்லை. அதை நாம்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி குறைந்தபட்சத் தேவைப் பட்டியல். இந்தோனேசிய விதிகளின்படி ஒருவருக்கு வாரத்துக்கு 2.8 கிலோ அரிசி, 17.5 லிட்டர் குடிநீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது அதன் தொடக்க அளவு. ஆயிரம் பேர் இடம்பெயர்ந்தால் 2,800 கிலோ அரிசி, 17,500 லிட்டர் குடிநீர், 50 கழிப்பறைகள் என்று உடனே தெரிந்துவிடும். நம் முகாம்களில் சமைத்த உணவாகவே வழங்குவதால் பருப்பு, எண்ணெய், பால் பவுடர் என்று பட்டியலை மாற்றி எழுதிக்கொள்ளலாம், மென்பொருள் மறுக்காது. ஆனால் இராமேஸ்வரத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. வேர்ல்ட்பாப் போன்ற மக்கள்தொகை அடுக்குகள் அங்கே குடியிருப்போரை மட்டுமே காட்டுகின்றன. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் அக்னி தீர்த்தக் கரையில் நிற்கும் கூட்டம் அவற்றுக்குத் தெரியாது. அதற்கென்று தங்கும் விடுதிகளையும் மடங்களையும் தனி அடுக்காக வரைந்து, அந்நாட்களுக்குத் தனி எண்ணிக்கை இட வேண்டும்.

இக்கடற்கரையில் மென்பொருளைவிடப் பெரிய சிக்கல் நிலத்தின் உயரம் பற்றிய தரவுதான். இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் தரவு 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் எடுக்கப்பட்டது. மலைப்பகுதிக்கு அது போதும். கடல்மட்டத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உயரத்திலேயே ஊர்கள் இருக்கும் இடத்தில், தரவின் பிழையே சில மீட்டர் என்றால் கணக்கு என்னவாகும்? ரேடார் அலை மரத்தின் தலையிலும் பட்டுத் திரும்புவதால், அடர்ந்த பனங்காடுகள் மேடான நிலமாகப் பதிவாகிவிடுகின்றன. அந்த வரைபடத்தை நம்பினால், பனைகளுக்கு இடையே தாழ்நிலத்தில் இருக்கும் குடியிருப்பு வெள்ளத்துக்குத் தப்பும் என்று அறிக்கை வரும். மரத்தின் உயரத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் கழித்துத் திருத்திய ஃபாப்டெம் போன்ற தரவையோ, இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் கார்ட்டோடெம் தரவையோ எடுத்து, ஊரில் பழைய வெள்ளத்தின்போது தண்ணீர் நின்ற சுவர்க் குறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த முடிவையும் வெளியில் சொல்லக் கூடாது.

2024 நவம்பர் 20 அன்று இராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதுபோன்ற நாளில் ஆபத்து கடலிலிருந்து வருவதில்லை, வடிய வழியில்லாத மழைநீரிலிருந்து வருகிறது. தாழ்வான பகுதிகளில் தண்ணீர் முழங்கால் அளவே நிற்கலாம். பாதிப்புக்கான வரம்பை ஒரு மீட்டர் என்று வைத்தால் இப்பகுதிகள் முழுவதும் கணக்கிலிருந்து விழுந்துவிடும், ஆனால் மண் தரைக் குடிசைக்கு முழங்கால் தண்ணீரே போதுமானது. இந்த வரம்பை நாமே மாற்றலாம் என்பதால், குடிசைக்கு ஒன்று, காரை வீட்டுக்கு ஒன்று என இரு முறை தனித்தனியாக ஓட்டிப் பார்ப்பது நல்லது. உண்மையான வெள்ளத்தின் பரப்பை சென்டினல்-1 என்னும் ஐரோப்பியச் செயற்கைக்கோளின் ரேடார் படங்களிலிருந்து எடுக்கலாம், அது மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். ஆனால் உப்பளப் பாத்திகளும் கழிமுகச் சேற்று நிலமும் அப்படத்தில் வெள்ளம் போலவே கறுப்பாகத் தெரியும் என்பதால், அவற்றை முதலில் வரைந்து நீக்கிவிட வேண்டும்.

அடுத்தது, எதை இழப்பு என்று எண்ணுகிறோம் என்பது. மென்பொருள் வீடு, சாலை, மக்கள், நிலப்பரப்பு ஆகியவற்றை எண்ணும். ஆனால் இக்கரையில் ஒரு குடும்பத்தின் சொத்து பெரும்பாலும் வீட்டில் இருப்பதில்லை. அது கரையில் ஏற்றி வைத்த வல்லம் என்னும் நாட்டுப்படகிலும் எஞ்சினிலும் வலையிலும், பாக் விரிகுடாவில் பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகளிலும், உள்ளே தள்ளிப்போனால் முண்டு மிளகாய்க் காட்டிலும் இருக்கிறது. இவற்றுள் எதுவும் இறக்கிக்கொள்ளும் வரைபடத்தில் வராது. ஓலைக்கூரைகள் மணலின் நிறத்தோடு கலந்துவிடுவதால், செயற்கைக்கோள் படத்திலிருந்து தானாக வரையப்பட்ட கட்டட அடுக்குகளிலும் குடிசைகள் விடுபட வாய்ப்பு அதிகம். படகுகளில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிப்பதால் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் படகுகள் சேரும், தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும்போது நிலைமை தலைகீழாகும். ஆகவே படகுத் துறைகளுக்கு ஒரே அடுக்கு போதாது, பருவத்துக்கு ஒன்றாக இரண்டு வேண்டும். கியூஃபீல்டு என்னும் இலவசக் கைப்பேசிச் செயலி இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்வதால், ஊர் இளைஞர்களைக் கொண்டு குடிசை, படகுத் துறை, வலைக்கூடம் ஆகியவற்றைப் புள்ளிகளாகப் பதிந்து, அப்படியே கணினியில் சேர்த்துவிடலாம். இந்த உழைப்பைச் செய்யாமல் பெறும் அறிக்கை, காரை வீடு உள்ளவர்களின் இழப்பைப் பற்றிய அறிக்கையாகவே இருக்கும்.

ரூபாய்க் கணக்கு வேண்டுவோர் கியூஜிஐஎஸ்ஸின் கணிப்பான்களைக் கொண்டு தாமே ஆழம்–சேத அட்டவணை அமைக்கலாம். ஆனால் நம் குடிசைக்கும் வல்லத்துக்கும் ஏற்ற வளைகோட்டை உள்ளூர் அனுபவத்திலிருந்துதான் வரைய வேண்டும், அதனால் வரும் தொகையைத் தோராயம் என்றே குறிப்பிட வேண்டும். நிவாரணத் தொகைக்கான சேதக் கணக்கெடுப்புக்கு மாற்றாக இதனைக் காட்டுவது தவறு, யாருக்குக் கிடைக்க வேண்டியது விடுபடும் என்பதை மேலே பார்த்தோம்.

எட்டு ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி போதும். அண்மை ஆண்டுகளில் இனாசேஃப்பின் வளர்ச்சி வேகம் குறைந்திருப்பதால், அது ஒத்துழைக்கும் கியூஜிஐஎஸ் பதிப்பை ஒரு கணினியில் தனியே நிறுவி, அதைப் புதுப்பிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் அடுக்குகளைச் சரிபார்த்து, வார்டு வாரியான வரைபடங்களையும் தேவைப் பட்டியலையும் காகிதத்தில் அச்சிட்டு, ஊராட்சி அலுவலகத்திலும் புயல் பாதுகாப்பு மையத்திலும் ஒவ்வொரு படி வையுங்கள். புயல் நேரத்தில் மின்சாரமும் இணையமும் இருக்காது.