பழைய ஓட்டு வீடா, புது மனையா, கட்டி முடித்த வீடா, ஃபிளாட்டா? நாகர்கோவிலைச் சுற்றி வீடு தேடுபவர்களுக்கு

பார்வதிபுரம் தாண்டி சுங்கான்கடை வரைக்கும், இந்தப் பக்கம் ஆசாரிப்பள்ளம், கோணம், தெங்கம்புதூர் வரைக்கும் எங்கு திரும்பினாலும் மனை விற்பனைப் பலகைதான். வளைகுடாவில் சேர்த்த பணமோ, வங்கிக் கடனோ, ஒரு தொகை கையில் வந்ததும் நம் ஊர்க் குடும்பங்கள் முன்னால் நான்கு வழிகள் நிற்கின்றன: மனை வாங்கிக் கட்டுவது, கட்டி முடித்த தனிவீடு, ஃபிளாட், புரயிடத்தோடு (வீட்டைச் சுற்றிய தோட்ட நிலத்தோடு) பழைய வீடு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆதாரம் (சொத்துப் பத்திரம்) சரியாக இருந்தால் பழைய வீடுதான் முதலிடம். வயலை நிரப்பி எழுப்பிய ரெடிமேட் வீடு கடைசி.

காரணம் மண்ணும் மழையும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே நம் குமரி மாவட்டத்தில் பெய்கின்றன. பெரியவர்கள் வீடு கட்டியது மேட்டு நிலமான விளைகளில். ஊர்ப் பெயர்களில் பாதி ‘விளை’ என்று முடிவது சும்மா இல்லை. வயலும் குளமும் தண்ணீருக்கு என்று விட்டுவைத்த இடங்கள். இப்போது விளை நிலம் அரிதாகி விலையும் ஏறிவிட்டதால், நாஞ்சில் நாட்டு வயல்களில் லாரி லாரியாகச் செம்மண் அடித்து மனை போடுகிறார்கள். மேலே சிவப்பாக, கெட்டியாகத்தான் தெரியும். அடியில் பழைய வயல் களி அப்படியே இருக்கிறது. அது மழையில் ஊறி உப்பும், வெயிலில் சுருங்கும். 2021 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு, தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ரெடிமேட் தனிவீட்டின் கவர்ச்சி புரிகிறது. சாவியை வாங்கினால் பால் காய்ச்சிவிடலாம், வெளிநாட்டில் இருப்பவர் ஒரே லீவில் பதிவை முடித்துவிட்டுப் போகலாம். ஆனால் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், கருங்கல் கட்டா, கான்கிரீட் தூண் எழுப்பியதா என்பது பெயிண்ட் அடித்தபின் யாருக்கும் தெரியாது. அதனால் உள்ளே போனதும் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பார்க்காமல் ஜன்னல் மூலைகளைப் பாருங்கள். மூலையிலிருந்து சரிவாக ஒரு கீறல் ஓடினால், அல்லது அந்த இடத்தில் மட்டும் பட்டி பூசி மறைத்த தடம் தெரிந்தால், அடியில் மண் ஒரு பக்கமாக இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்று அதைவிட முக்கியம். இப்படிப்பட்ட வீடுகள் பெரும்பாலும் 3 சென்டில் நிற்கின்றன. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 3 சென்ட் என்றால் 1,307 சதுர அடிக்குள். ஏறத்தாழ முப்பதுக்கு நாற்பத்து மூன்று. இதற்குள் வீடு, கார் நிறுத்தம், போர்வெல், செப்டிக் டேங்க் எல்லாம் வேண்டும். செப்டிக் டேங்குக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் ஐம்பது அடியாவது இடைவெளி வேண்டும் என்பது பொறியாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. இந்த மனையில் அதற்கு வழியே கிடையாது. நம் செப்டிக் டேங்கைத் தள்ளி வைத்தாலும், மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரருடையது இருக்கும். குழந்தைகள் குடிக்கிற தண்ணீர் இது. விலையில் இரண்டு லட்சம் குறைத்துத் தருகிறேன் என்றால் இதற்கு ஈடாகிவிடுமா?

மனை வாங்கிக் கட்டுவதில் இந்தக் கவலைகளில் பாதி நம் கைக்குள் வந்துவிடுகிறது. 5 சென்டாவது எடுத்தால் 2,178 சதுர அடி. மூச்சு விட இடம் இருக்கும். நகர் ஊரமைப்புத் துறை அனுமதி இல்லாத மனைப் பக்கம் போகவே வேண்டாம். 2016-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டபின் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவு எவ்வளவு சிக்கலானது என்று பலரும் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். தோவாளை, கல்குளம், விளவங்கோடு பக்கம் மலையடிவாரத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்றால், அந்தக் கிராமம் மலையோரக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருகிறதா என்று கேட்டபிறகுதான் முன்பணம். கட்டிட அனுமதி இப்போது பழைய அலைச்சல் இல்லை. 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் வீடும் என்றால், 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே கிடைத்துவிடுகிறது. தை பிறந்ததும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, இடவப்பாதி மழைக்குள் (தென்மேற்குப் பருவமழைக்குள்) கூரை வார்ப்பை முடிப்பது என்று வைத்துக்கொண்டால் நல்லது. ஆனால் தினமும் போய் நிற்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும். மாமனார் பார்த்துக்கொள்வார் என்று துபாயில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் வீடு கட்டுவது, அந்த மனிதருக்கும் பாரம், வீட்டுக்கும் கேடு.

ஃபிளாட்டை நம் ஊரில் பலர் வீடாகவே ஒத்துக்கொள்வதில்லை. அந்தப் பார்வை எனக்கு இல்லை. பதிவுச் செலவில் அதற்குத் தெளிவான லாபம் உண்டு. 50 லட்சத்துக்குத் தனிவீடு என்றால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக நாலரை லட்சம். அதே 50 லட்சத்துக்குள் புது ஃபிளாட்டின் முதல் விற்பனை என்றால், 2023 டிசம்பர் முதல் மொத்தம் 6 சதவீதம்தான், 3 லட்சம். கட்டிக்கொண்டிருக்கும்போதே வாங்கினால் ஜிஎஸ்டி தனியாக வரும். பணி நிறைவுச் சான்று வந்தபின் வாங்கினால் அது இல்லை. பிள்ளைகள் மூன்று பேரும் வெளிநாட்டில், அம்மாவும் அப்பாவும் மட்டும் இங்கே என்ற வீடுகளுக்கு, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் பக்கத்தில் லிஃப்டும் காவலாளியும் உள்ள ஃபிளாட் மாதிரி நிம்மதி வேறில்லை. அவர்களுக்கு நான் பழைய வீட்டைச் சொல்லவே மாட்டேன். மற்றவர்கள் ஒரு கணக்கு போட வேண்டும். 20 சென்டில் 12 ஃபிளாட் என்றால், பிரிபடாத பங்காக உங்களுக்கு வரும் மண் 726 சதுர அடி, ஒன்றரைச் சென்டுக்குக் கொஞ்சம் மேல். கட்டிடம் பழசாக ஆக விலை குறையும், ஏறுவது இந்த மண்ணின் விலை மட்டுமே.

இனி பழைய வீடு. ஆறேழு சென்டில், கிணறும் ஒரு பலாவும் நாலு தெங்கும் நிற்கிற ஓட்டு வீடு. பெரியவர்கள் காலமாகி, பிள்ளைகள் ஊரைவிட்டுப் போய்ப் பூட்டிக் கிடக்கும். விற்பவர்களும் பெரும்பாலும் மண்ணுக்குத்தான் விலை சொல்வார்கள், வீட்டைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. போய்ப் பார்க்கும்போது கிணற்றை எட்டிப் பாருங்கள். பங்குனி, சித்திரையிலும் தண்ணீர் நின்றால் அதுவே பெரிய சொத்து. ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தால் உப்பா, நல்ல தண்ணீரா என்பதும் தெரிந்துவிடும். கடற்கரைப் பக்கம் இந்தச் சோதனையை விடவே கூடாது. உத்திரமும் கதவு நிலையும் அயனி மரமா தேக்கா என்று ஆசாரி ஒருவரைக் கூட்டிப் போய்த் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சிதல் (கரையான்) ஏறியிருந்தால் ஓசையிலேயே சொல்லிவிடுவார். ஓட்டைத் தாங்கும் பட்டியல் கட்டைகளை மாற்றி, ஓட்டைப் பிரித்து மேய்ந்து, கழிப்பறை புதிதாகக் கட்டி, வயரிங் முழுக்க மாற்றினால் குடும்பம் வசதியாக வாழலாம். ஒன்று, பழைய கட்டிடத்துக்கு வங்கி குறைவாகத்தான் மதிப்புப் போடும். கையிருப்பு கூடுதலாக வேண்டும்.

இதில் உண்மையான ஆபத்து ஆதாரத்தில். 1956-க்கு முன், நம் மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்துப் பத்திரங்கள் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். வாசிக்கத் தெரிந்த வக்கீலிடம் காட்டாமல் மேலே போகக் கூடாது. அடுத்தது பெண்மக்களின் பங்கு. பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். 1986-ல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951-லிருந்தே அந்தச் சட்டம் செல்லாது, மகளுக்கும் சமபங்கு என்று தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் ‘ஸ்ரீதனம் கொடுத்து அனுப்பியாச்சு, அக்காமாருக்கு இதில் என்ன’ என்று பேசும் வீடுகள் இன்றும் உண்டு. இந்து வீடுகளிலும் இந்தப் பேச்சு உண்டு. அதைக் கேட்டுத் தலையாட்டாதீர்கள். உயில் இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அது சட்டத்துக்காக மட்டும் இல்லை, அந்தப் பெண்களின் நியாயமான பங்கு அது. வெளிநாட்டில் இருப்பவர் பவர் பத்திரம் அனுப்பினால், அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை கட்டியாக வேண்டும்.

கடைசியாக வழி. உள்விளைகளில் பல வீடுகளுக்கு நடந்துபோகும் தடம்தான் உண்டு. ‘காலங்காலமாக இதில்தானே போறோம்’ என்பது போதாது. எத்தனை அடி வழி, அது பத்திரத்தின் எல்லைக் குறிப்பில் இருக்கிறதா, புல வரைபடத்தில் இருக்கிறதா என்று டேப் பிடித்து அளந்து பாருங்கள். மணல் லாரி நுழையாவிட்டால் பராமரிப்புச் செலவே ஏறும். ஆம்புலன்ஸ் நுழையாவிட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். எல்லாம் சரி என்றால், கிரைய ஒப்பந்தத்தில் வாரிசுகள் அனைவரின் பெயரையும் வழியின் அகலத்தையும் எழுதி, அதைப் பதிவு செய்த பிறகே பெரிய தொகை கைமாற வேண்டும். 2012 டிசம்பரிலிருந்து ஒப்பந்தப் பதிவு தமிழ்நாட்டில் கட்டாயம். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்த முன்பணத்துக்குப் பிடிமானம் குறைவு.