மைனஸ் எட்டு டின் நெய் உருண்டை

சுங்கை சிப்புட்டில் தீபாவளிப் பலகாரம் சுட்டு விற்கிறேன். தோட்டத்தை விட்டுக் கோலாலம்பூர், ஜொகூர் என்று போனவர்கள்தான் பாதி வாடிக்கையாளர்கள். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எழுதிக் கை ஓய்ந்ததால், ஒருவரிடம் 3,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து வெப்சைட் போட்டேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஓர் ஆர்டர். அச்சு முறுக்கு 10 டின், டின் 25 வெள்ளி. நெய் உருண்டை மைனஸ் 8, டின் 30 வெள்ளி. 250இல் 240 போக, பேங்கில் விழுந்தது 10 வெள்ளி! கொடுமை என்னவென்றால், தாளில் இருந்த மைனஸை வெறும் கோடு என்று நினைத்து, கடைப்பையன் அந்த எட்டு டின்னையும் சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டான். இப்படி மூன்று ஆர்டர் போன பிறகுதான் கணக்கு இடித்தது.

வெப்சைட் செய்தவருக்குப் போன் அடித்தால், "அது கஸ்டமர் பண்ண திருட்டுக்கா, சிஸ்டம் சரியாத்தான் இருக்கு" என்றார். சண்டை போட்ட பிறகு மைனஸ் தட்டினால் சிவப்பு எழுத்து வருகிற மாதிரி செய்தார். பாலிடெக்னிக்கில் படிக்கும் அண்ணன் மகன் இரண்டே நிமிடத்தில் அதைத் தாண்டி மறுபடி மைனஸ் அனுப்பினான். "சோதனை வாங்குறவரோட பிரவுசர்ல மட்டும்தான் நடக்குது அத்தை. அதை அவரே மாத்தலாம். வெப்சைட் ஓடுற கம்ப்யூட்டர், அதான் சர்வர், வந்ததை அப்படியே வாங்கிக்குது."

அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. டி'குரூஸ் அக்கா தன் பெயரைப் போட்டால் பக்கமே உடைகிறது என்று முன்பே சொல்லியிருந்தார். அந்தக் குறியை எடுத்துவிடுங்கள் என்று புத்திசாலி மாதிரி பதில் சொன்னவள் நான். இதைச் சொன்னதும் அண்ணன் மகனுக்கு முகம் மாறிவிட்டது. அந்த ஒற்றை மேற்கோள் குறி, ஆர்டர் விவரமெல்லாம் சேர்த்துவைக்கும் டேட்டாபேஸுக்குள் அப்படியே போய், பெயர் முடிந்துவிட்டது, இனி வருவது கட்டளை என்று அதை நம்ப வைக்குமாம். விஷயம் தெரிந்தவன் அந்த வழியாக எல்லாருடைய முகவரியையும் போன் நம்பரையும் உருவிவிடலாம். எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்று பெயர். 1998இலேயே எழுதிவைத்த ஓட்டை. வருகிற எழுத்தைக் கட்டளையோடு ஒட்டாமல் தனியாக அனுப்பினால் தீர்ந்தது. அதற்குத்தான் வெப்சைட் செய்தவர் "செக்யூரிட்டி பேக்கேஜ்" என்று இன்னும் 1,500 வெள்ளி கேட்கிறார்.

வெப்சைட்டை மூடிவிட்டேன். யாரிடமாவது செய்யக் கொடுத்திருந்தால், கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் வெப்சைட்டில் நீங்களே எண்ணிக்கையில் -1, பெயரில் ஒரு மேற்கோள் குறி போட்டுப் பாருங்கள். டி'குரூஸ் அக்காவுக்கு ஒரு டின் முறுக்கு அனுப்பினேன், பெயரை முழுசாக எழுதி.