சூரியன் பதக்கம் தரும் பிரஷர் கருவி

விழாக்காலத் தள்ளுபடியில் ரத்த அழுத்தம் அளக்கும் கருவி ஒன்றின் விலை சரிந்ததும் அலுவலக நண்பர் ஒருவர் இணைப்பை அனுப்பி, "உங்கள் அம்மா வைத்திருப்பது இதுதானே, என் அப்பாவுக்கும் வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் அந்த வாரம்தான் கருவியின் கைப்பட்டையில் காற்று கசிந்து, தனியாகப் பணம் கட்டிப் புதுப்பட்டை வரவழைத்திருந்தேன். எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

கருவியை விளக்க வேண்டியதில்லை. மேற்கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால் காற்று ஏறி இறங்கி, மேல் அளவு, கீழ் அளவு, நாடித்துடிப்பு என்று மூன்று எண்கள் வரும். அந்த எண்கள் ப்ளூடூத் வழியாகக் கைப்பேசிச் செயலிக்குப் போகும். அங்கிருந்து குடும்பத்தினருக்கும் போகும். அம்மா மன்னார்குடிப் பக்கம் தனியாக இருக்கிறார். நான் சென்னையில். வாங்கியதே அந்தக் கடைசி வசதிக்காகத்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வருமோ வராதோ. அளவு துல்லியமாக இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலப் பெண் தன் கருவியிலும் அளப்பார். இரண்டும் பெரும்பாலும் ஒட்டியே இருக்கும். சுகாதார நிலையத்தில் ஒப்பிட்டுப் பார்த்தபோதும் அப்படித்தான். இத்தகைய கருவிகள் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்பதுபோல ஓசையைக் கேட்பதில்லை. பட்டைக்குள் காற்றழுத்தம் துடிப்போடு சேர்ந்து அதிர்வதை உணர்ந்து, ஒரு கணக்கீட்டின் மூலம் எண்ணைச் சொல்கின்றன. நாடி சீராக இல்லாதவர்களுக்கு அந்தக் கணக்கு தடுமாறலாம். அம்மாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

போட்ட பணம் ஆரம்பத்திலேயே திரும்பிவிட்டது என்றுகூடச் சொல்வேன். மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்தாலே அம்மாவுக்கு 160-ஐத் தாண்டும். வீட்டில் 130-ஐ ஒட்டி நிற்கும். வெள்ளை அங்கியைக் கண்டதும் ஏறும் ரத்த அழுத்தம் என்று இதற்கு மருத்துவத்தில் பெயரே இருக்கிறது. மருத்துவமனையில் 140/90 எல்லை என்றால் வீட்டு அளவுக்கு 135/85-தான் எல்லை என்று வைத்திருப்பதும் இந்த வேறுபாட்டுக்காகத்தான். வீட்டுக் குறிப்புகள் கையில் இருந்ததால் மாத்திரையின் அளவைக் கூட்டாமல் விட்டார்கள். வீடியோ வழி ஆலோசனைக்கும் உதவியது. திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருத்துவரால் நாடி பிடிக்க முடியாது, பட்டை சுற்ற முடியாது. நோயாளி சொல்லும் எண்தான் அவருக்குக் கிடைக்கும் ஒரே சான்று.

இனி செயலி.

அளவு 140-ஐத் தொட்டால் சிவப்புப் பட்டை. அம்மாவின் கைப்பேசியில் ஒரு மணியோசை, என் கைப்பேசியிலும் அதே ஓசை. நான் பதறி அழைப்பேன். அழைப்பு வந்ததாலேயே அம்மா பயந்து மறுபடி அளப்பார். பயந்துபோய் அளந்தால் ஏறாமல் என்ன செய்யும்? 142 என்பது 156 ஆகும். மறுபடி சிவப்பு, மறுபடி மணி. அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி உட்கார வேண்டும் என்று கருவியோடு வந்த காகிதத்தில் இருக்கிறது. அதைச் செய்யவிடாமல் விரட்டும் மணியும் அதே நிறுவனத்தின் கைவேலைதான்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம், அமைப்புகளுக்குள் போய் அணைத்துவிடலாம். என் பொறுமையைச் சோதித்தது சூரியன் பதக்கம். ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு செயலி மனநலத்தையும் கவனிக்கப் புறப்பட்டது. முந்தைய அளவுகளைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் ஐந்து முகங்களில் ஒன்றைத் தொட வேண்டும்: அழும் முகத்தில் தொடங்கிச் சிரிக்கும் முகம் வரை. அம்மா எப்போதும் நடுவில் இருப்பதைத் தொடுவார். விரல் அங்கேதான் எட்டுகிறது என்பார். நாடித்துடிப்பை வைத்து மன அழுத்தத்துக்கு ஒரு மதிப்பெண் வேறு. தொடர்ந்து அளந்தால் பதக்கங்கள். காலையில் சீக்கிரம் அளந்தால் மஞ்சள் சூரியன் ஒன்று குதித்து வந்து, "வாழ்த்துகள்! இன்றும் விடியலை ஆரோக்கியத்தோடு தொடங்கினீர்கள்!" என்று சொல்லும். வாரக் கடைசியில் எனக்கு ஓர் அறிக்கை வரும். மன அழுத்தம்: குறைவு. ஒழுங்கு: மிகச் சிறப்பு. சூரியன்கள் வரிசையாக அணிவகுத்திருக்கும்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அந்த அறிக்கையைத்தான் பெருமையாக நீட்டினேன். வண்ண வரைபடத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, "கருவியைக் கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்றார். பையில் இருந்தது. முதலில் தன் கருவியோடு ஒப்பிட்டார். பிறகு நினைவகப் பொத்தானை அழுத்தி, சேமித்த அளவுகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். எண்களைப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து அம்மாவைக் கேட்டார்: "இரவு 2.40-க்கு என்னம்மா வேலை?"

2.40, 3.10, 1.55. ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில நாள்கள் இரண்டு முறை. அழுத்தம் எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. அதனால்தான் மணியும் அடிக்கவில்லை.

செயலியில் இது ஏன் தெரியவில்லை என்பதை அன்றிரவு நோண்டிப் பார்த்தேன். அந்த நாளின் எல்லா அளவுகளையும் கூட்டிச் சராசரியாக்கி ஒரே புள்ளியாக வைக்கிறது. நேரம் வேண்டுமென்றால் புள்ளியைத் தொட்டு, அடுத்த பக்கம் போய், அங்கே இன்னொன்றைத் திறக்க வேண்டும். நள்ளிரவு 12 முதல் பகல் 12 வரை எல்லாமே அதற்குக் "காலை". ஒரு விதவை நடுச்சாமத்தில் தூக்கம் கெட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, தன் கையில் தானே பட்டையைச் சுற்றிக்கொள்கிறார். அதற்குத்தான் அந்தச் சூரியன் வந்து குதித்திருக்கிறது.

மருத்துவர் அடுத்துக் கேட்டவை எல்லாம் சாதாரணக் கேள்விகள். சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறீர்களா, எழுந்தால் மறுபடி தூக்கம் வருகிறதா? நீர் பிரியும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? சர்க்கரை கடைசியாக எப்போது பார்த்தது? வயதானவர் இரவில் எழுவதற்கு மனம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை, அவர் உடம்பிலிருந்து தொடங்கினார். பிறகு, "முன்பு போல வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறீர்களா? சமைக்கப் பிடிக்கிறதா?" பிஎச்க்யூ-9 என்றொரு வினாத்தாள் இருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண், 10-ஐத் தொட்டாலே மேற்கொண்டு கவனிக்க வேண்டும். பொது மருத்துவர்கள் மனச்சோர்வைத் தவறவிடக் கூடாது என்பதற்காகவே அமைக்கப்பட்டது. எதிலும் நாட்டமில்லாமல் போவதும் மனம் சோர்ந்திருப்பதும் அதன் முதல் இரண்டு கேள்விகள். தாள் எதையும் எடுக்காமல் அந்த இரண்டையும் அவர் கேட்டு முடித்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். பிரஷர் இருந்தது யாருக்கும் தெரியாது" என்றார். அப்பாவைச் சொல்கிறார். எழுந்து அளந்து, எண் சரியாக இருந்தால் கொஞ்சம் கண்ணயர முடிகிறது என்றார்.

செயலியின் கேள்விப் பகுதியையும் ஒரு முறை நானே நிரப்பிப் பார்த்தேன். நியாயமாக இருக்க வேண்டுமல்லவா? அதே ஒன்பது கேள்விகள்தான். மதிப்பெண் சொன்னது. அடுத்த திரையில் உரையாடல் துணை ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கேட்டது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பது அந்த வினாத்தாளின் ஒன்பதாவது கேள்வி. அதைக் கேட்ட கையோடு தள்ளுபடி விலையைக் காட்டும் துணிச்சல் எங்கிருந்து வருகிறதோ. புகார் எழுதினேன். பயனர்களின் ஈடுபாட்டை ஊக்குவிக்கவே இந்த வசதிகள் என்று பதில் வந்தது, கீழே ஒரு சிரிக்கும் முகத்தோடு.

இதனால் மனநலத்துக்குக் கைப்பேசியே ஆகாது என்று சொல்ல வரவில்லை. மருத்துவர் ஒரு சீட்டின் பின்புறம் 14416 என்று எழுதிக் கொடுத்தார். தொலைபேசி வழி மனநல ஆலோசனை தரும் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையின் எண் அது. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் நட்புடன் உங்களோடு என்ற பெயரில் நடக்கிறது. இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். மனநலப் பிரிவின் வாசலில் வரிசையில் நிற்பதற்கு அம்மா எந்தக் காலத்திலும் சம்மதித்திருக்க மாட்டார், ஊரில் பாதிப் பேர் அந்த மருத்துவமனைக்கு வந்து போகிறவர்கள். ஆனால் கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்தபடி, முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் பேசுவதற்கு அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. முதல் முறை நான் பக்கத்தில் இருந்தேன். இரண்டாவது முறை அவரே அழைத்திருக்கிறார். என்ன பேசினார் என்று கேட்டதற்கு, "உனக்கு எதற்கு?" என்றார்.

அவர்கள் வழிகாட்டிய பிறகே அரசு மருத்துவமனை மனநல மருத்துவரைப் பார்க்கச் சம்மதித்தார். தூக்க மாத்திரை கேட்டுப் பார்த்தோம், அவர் எழுதவில்லை. அந்த வகை மாத்திரைகளால் வயதானவர்கள் இரவில் தடுமாறி விழும் ஆபத்து அதிகம் என்றார். நேரில் பார்த்ததால் இவ்வளவு விளக்கமாவது கிடைத்தது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வரும் இத்தகைய மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதித் தரவும் கூடாது. நல்ல விதி. எனக்குத் தெரிந்த சில வீடுகளில் தூக்க மாத்திரை கடலை மிட்டாய் போலக் கைமாறுகிறது.

இப்போது நிலவரம் இதுதான். செயலியை இரண்டு கைப்பேசிகளிலிருந்தும் நீக்கிவிட்டோம். மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய ஒரு வாரம் மட்டும் காலையிலும் மாலையிலும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை அளந்து, நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிவைப்பது. மற்ற நாள்களில் கருவி அலமாரியில் இருக்கும். சாவி அம்மாவிடம்தான். இரவில் எழுவது நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், குறைந்திருக்கிறது. இதைக்கூட அந்த நினைவகத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அங்கேயும் ஒரு கோளாறு: பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் ஜனவரி 1-க்குப் போய்விடுகிறது. எழுபது வயதைக் கடந்தவர் எந்தப் பொத்தானை எத்தனை நொடி அழுத்தி அதைத் திருத்துவார்? சூரியனை வரைய ஆள் வைத்தவர்கள் கடிகாரத்துக்கு ஒரு சின்ன பேட்டரி வைத்திருக்கலாம்.

வேறு கருவி தேடுபவர்களுக்கு: மணிக்கட்டில் கட்டுவதைத் தவிர்த்து மேற்கையில் சுற்றுவதையே வாங்குங்கள். கையின் சுற்றளவை அளந்து பட்டையைத் தேர்ந்தெடுங்கள், பட்டை சிறியதாக இருந்தால் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். பட்டையே இல்லாமல் அளப்பதாகச் சொல்லும் கடிகாரம், மோதிரம் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். உங்கள் அப்பாவை எனக்குத் தெரியும். மின்கட்டண அட்டையையே நாலு முறை கூட்டிப் பார்க்கிறவர். சிவப்புப் பட்டையையும் மணியையும் அவரிடம் கொடுத்தால் வீட்டில் ஒருவரும் தூங்க முடியாது.

இதை அனுப்பியதும் அவரிடமிருந்து உடனே கேள்வி வந்தது: "அவ்வளவு மோசமென்றால் உங்களுடையதை விற்றுவிடுவீர்களா?"

மாட்டேன். இது கெட்டுப்போனால் மறுநாளே இதே மாதிரியை வாங்குவேன். புதுக் கைப்பட்டைக்கு வேறு இப்போதுதான் பணம் கொடுத்திருக்கிறேன்.