வடசென்னை பள்ளிக்கூடத்துல 30 ஃபோல்ட்ஸ்கோப்: ஒரு வருஷம் கழிச்சு என் ரிவ்யூ

எங்க அபார்ட்மென்ட்ல 32 வீடு. போன வருஷம் ஜூன்ல வீட்டுக்கு 500 ரூபான்னு போட்டு 16,000 சேத்தோம், ரெண்டு தெரு தள்ளி இருக்கற மாநகராட்சி நடுநிலைப்பள்ளில ஏழாங்கிளாஸ் பசங்களுக்கு சயின்ஸ்ல கையால தொட்டுச் செய்யற மாதிரி ஏதாச்சும் வாங்கிக் குடுக்கணும்னு. கடைசில வாங்கினது 30 ஃபோல்ட்ஸ்கோப், அதாவது பேப்பர் மைக்ரோஸ்கோப். ஒரு வருஷம் ஓடிருச்சு, இதே மாதிரி காசு சேத்து வச்சுட்டு என்ன வாங்கறதுன்னு யோசிக்கறவங்களுக்காக எழுதறேன்.

முதல்ல எதை ஏன் வாங்கலன்னு சொல்லிடறேன். நாங்க பாக்கப் போனப்ப எச்.எம். டீச்சர் ஒரு பீரோவத் தொறந்து காட்டினாங்க. உள்ள ஒரு ரோபோ கிட், மூணு வருஷத்துக்கு முன்னாடி யாரோ நல்ல மனசோட குடுத்தது (கம்பெனி பேரு வேணாம்). பேட்டரி உப்பிப் போயிருந்துச்சு, சாஃப்ட்வேர் லைசென்ஸ் ஒரு வருஷத்தோட முடிஞ்சுபோச்சாம். "பசங்க தொட்டாங்களா டீச்சர்?"னு கேட்டேன். "எப்படிப்பா குடுக்கறது, ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏத்தியாச்சு, ஒரு வயர் காணோம்னாலும் ஆடிட்ல நான்தானே பதில் சொல்லணும்"னாங்க. அவங்கமேல தப்பே இல்ல. விலை ஜாஸ்தியான பொருள் ஒண்ணே ஒண்ணு குடுத்தா அது பூட்டுக்குள்ளதான் போகும், வேற வழியில்ல.

இப்ப ஃபோல்ட்ஸ்கோப் பத்தி. தண்ணி பட்டாலும் கிழியாத ஒரு வகைத் தாள்ல வெட்டி வந்திருக்கும், நாமளே மடிச்சுச் சேக்கணும். நடுவுல கடுகைவிட லேசாப் பெருசா ஒரு குட்டிக் கண்ணாடி உருண்டை, அதுதான் லென்ஸ். 140 மடங்கு பெருசாக் காட்டும், 2 மைக்ரான் அளவு வரைக்கும் பிரிச்சுத் தெரியும் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). ஐஐடி கான்பூர்ல படிச்சுட்டு ஸ்டான்ஃபோர்டுல வாத்தியாரா இருக்கற மனு பிரகாஷும் அவரோட ஸ்டூடண்ட் ஜிம் சைபுல்ஸ்கியும் செஞ்சது, 2014ல ஆராய்ச்சிக் கட்டுரையா வெளியிட்டாங்க, உதிரிப்பாகம் மொத்தமே ஒரு டாலருக்குள்ள முடியும்னு அப்பவே காட்டினாங்க. ஃபீல்டுக்குப் போன இடத்துல எல்லாம் மைக்ரோஸ்கோப் உடைஞ்சு கெடக்கறதையும், தூக்கிட்டுப் போக முடியாம கனமா இருக்கறதையும் பாத்துதான் மனு பிரகாஷுக்கு இந்த யோசனையே வந்துருக்கு. அந்த பீரோ ஞாபகம் வந்துச்சு எனக்கு.

எதிர்வீட்டு அக்கா லேப் டெக்னீஷியனா இருந்து ரிட்டையர் ஆனவங்க, அவங்களும் நானும் சனிக்கிழமை போனோம். மடிக்கறதுக்கே முழுசா ஒரு பீரியட் ஆச்சு, அதை அவசரப்படுத்தாதீங்க, தானே மடிச்ச பொருள்ங்கறதாலதான் பசங்க அதை அவ்ளோ பத்திரமா வச்சுக்கறாங்க. அப்புறம் பொறுமை வேணும். லென்ஸ் சின்னதா இருக்கறதால கண்ணை நல்லா ஒட்டி வச்சுத்தான் பாக்கணும், அது இதோட குறைன்னு சொல்ல மாட்டேன், உருண்டை லென்ஸோட இயல்பே அதான். முதல் பத்து நிமிஷம் "ஒண்ணுமே தெரியல அண்ணா"ன்னுதான் சத்தம். கட்டைவிரலால மெதுவா நகத்தி நகத்தி ஃபோகஸ் கிடைச்சதும் ஒவ்வொருத்தரா அமைதியாயிடுவாங்க, அந்த அமைதிய நீங்க ஒரு தடவை அங்க நின்னு கேக்கணும். ஜன்னல் வெளிச்சம், டியூப்லைட், டார்ச் எதுவும் போதும், சூரியனை மட்டும் நேரா பாக்கவே கூடாதுன்னு முதல்லயே கண்டிப்பா சொல்லிருங்க.

வெங்காயத்தோல்ல ஆரம்பிச்சோம். அக்கா மெடிக்கல்ல வாங்கின அயோடினை ஒரு சொட்டு விட்டாங்க, செங்கல் அடுக்கின மாதிரி செல்லு, ஒவ்வொண்ணுலயும் பழுப்பா ஒரு புள்ளி, நியூக்ளியஸ். புஸ்தகத்துல படமா வரைஞ்சு மார்க் வாங்கினதை அன்னைக்குத்தான் நெஜமாப் பாக்கறாங்க. மூணாவது வாரம் ஒரு பொண்ணு தங்கச்சி தலைல இருந்து எடுத்த பேனை செல்லோடேப்ல ஒட்டிக் கொண்டுவந்துச்சு. பேன் முழுசா தெரியாது, அவ்ளோ பெருசாக் காட்டுது, ஒரே ஒரு கால்தான் தெரிஞ்சுச்சு, கொக்கி மாதிரி வளைஞ்ச நகம், அதுக்குள்ள கயிறு தடிமனுக்கு ஒரு முடி. "இதனாலதான் சீப்புல வாரினாக்கூட வர மாட்டேங்குதா"ன்னு அதுவாவே கேட்டுச்சு. தலைல பேன்னா கூச்சப்படுற வயசு, அந்தப் புள்ள அதை எல்லாருக்கும் வரிசையா நிக்க வச்சுக் காட்டுச்சு. இன்னொரு பையன் வீட்டு வாசல் டிரம்ல இருந்து கொசுப்புழு கொண்டுவந்தான், புழு வாலுகிட்ட இருக்கற மூச்சுக்குழாயப் பாத்துட்டுப் போய் அவங்க அம்மாகிட்ட சொல்லி அந்த டிரம்முக்குத் துணி கட்ட வச்சுருக்கான். 1670கள்ல டச்சுக்காரர் லீவன்ஹூக் ஏரித் தண்ணில உசுருங்க நீந்தறதைப் பாத்ததும் இதே மாதிரி ஒத்தை லென்ஸ்லதான்னு சொன்னப்ப, அடுத்த வாரம் பத்துப் பேர் பாட்டில்ல தண்ணியோட வந்து நின்னாங்க.

இப்ப காசு விஷயம், இதுதான் முக்கியம். 30ஐயும் நாங்க ஸ்கூலுக்குக் குடுக்கல, பசங்களுக்குக் குடுத்தோம். பள்ளி மேலாண்மைக் குழுல பேசி, இது மாணவர்களுக்கு நேரடியா குடுக்கற பரிசுன்னு தீர்மானம் எழுதி வாங்கினோம், ஸ்டாக் ரெஜிஸ்டர் தொல்லையே இல்ல. ஆளுக்கு ஒண்ணு, பேரு எழுதி, வீட்டுக்கும் எடுத்துட்டுப் போகலாம். ஒரு வருஷத்துல நாலு தொலைஞ்சுபோச்சு, ஒண்ண ஒரு குட்டித்தம்பி கடிச்சு வச்சுட்டான். 25 இன்னும் வேலை செய்யுது. பீரோல பத்திரமா இருக்கற 30ஐவிட எனக்கு இந்த 25 பெருசு.

ரெண்டாவது, இருக்கற காசு மொத்தத்தையும் பொருள்லயே போட்றாதீங்க. டிராப்பர், ஸ்லைடு, டேப், டார்ச் செல்லு, ஒரு ஆளுக்கு ஒரு நோட்டு, இதெல்லாம் மாசாமாசம் தீரும், இது தீந்து போனா கிளாஸ் நின்னுரும், பொருள் நல்லாத்தான் இருக்கும். நாங்க 3,000 ரூபா ஒதுக்கி வச்சிருந்தோம், பிப்ரவரிலயே காலி, இன்னும் கொஞ்சம் வச்சிருக்கணும்.

பள்ளில ஏற்கெனவே என்ன நடக்குதுன்னும் கேட்டுக்கங்க. அரசுப் பள்ளிகள்ல 6லருந்து 8 வரைக்கும் வானவில் மன்றம்னு செஞ்சு பாத்துக் கத்துக்கற ஒரு அரசுத் திட்டம் 2022 நவம்பர்லருந்து இருக்கு, கருத்தாளர் வந்து பரிசோதனை செஞ்சு காட்டுவாங்க. அதுக்குப் போட்டியா நாம தனியா எதுவும் நடத்த வேண்டியதில்ல, இந்தப் பள்ளிக்கு வர்ற கருத்தாளரே ஃபோல்ட்ஸ்கோப்பைப் பாத்துட்டு அடுத்த தடவை இலைத்துளை பாக்கறதுக்குன்னு ரியோங்கற செடியோட இலை கொண்டுவந்தாங்க. பெரிய தொகை தர நினைக்கறவங்க நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி போர்ட்டல்ல எந்தப் பள்ளிக்கு என்ன தேவைன்னு பாத்தே தரலாம்.

அஞ்சுக்கு நாலரை ஸ்டார். அரை ஸ்டார் குறைச்சது, பக்கத்துல ஒரு பெரியவங்க நின்னு சொல்லித்தராம பசங்க தனியாப் பழகறது கஷ்டம்ங்கறதுக்காக. இந்த ஜூன்ல புது ஏழாங்கிளாஸுக்கு 34 வேணும், 21 வீடு குடுத்தாச்சு, மடிக்கச் சொல்லித்தர அக்கா வேண்டாம், பழைய பேட்ச் பசங்க நாங்களே வர்றோம்னு பேரு குடுத்துருக்காங்க, லிஸ்ட்ல முதல் பேரு அந்தப் பேன் கொண்டுவந்த பொண்ணோடது.